பீட்டா 412, பிறகு 630: இந்த எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

கார்காலம் | மார்ச் 4, இரவு 9.40

வணக்கம். நாமக்கல்லிலிருந்து எழுதுகிறேன். திருமணமாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற ஆண்டு ஆறாவது வாரத்தில் ஒரு கரு கலைந்தது. இந்த முறை நாள் தள்ளிப்போன மூன்றாம் நாளே வீட்டுச் சோதனையில் இரண்டு கோடுகள் தெரிந்தன. கடைசி மாதவிடாய் ஜனவரி 28. மார்ச் 2 அன்று இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. (கர்ப்பத்தைக் காட்டும் ஹார்மோன்) 412, இன்று 630. கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்டிரோன் 9.8.

"இரண்டு நாளில் சரியாக இரட்டிக்கவில்லை, மாத்திரை போட்டுக்கொண்டு ஓய்வெடுங்கள், இரண்டு வாரம் கழித்து ஸ்கேனுக்கு வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு மேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன்: 53 சதவீத உயர்வு. மாமியார் பப்பாளி ஏதும் சாப்பிட்டாயா என்று இரண்டு முறை கேட்டுவிட்டார். அம்மா என்னைக் கட்டிலைவிட்டு இறங்க விடுவதில்லை. லேசான பழுப்புக் கசிவு இருக்கிறது, வலி இல்லை. இந்தக் கரு தங்குமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


நெல்லிமரம் | மார்ச் 4, இரவு 10.15

தைரியமாக இருங்கள் அம்மா. எனக்கு 4,100 என்பது இரண்டு நாளில் 5,700 ஆனது. 39 சதவீதம்தான். அந்த வாரம் முழுவதும் அழுதுகொண்டே இருந்தேன். என் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். 49 சதவீதம் உயர்ந்தால் போதும் என்று படித்திருக்கிறேன். உங்களுக்கு 53 வந்திருக்கிறது. நல்லபடியாகவே முடியும்.


வைகறை | மார்ச் 4, இரவு 10.52

பயமுறுத்த எழுதவில்லை, ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐ.வி.எஃப். என்ற சோதனைக்குழாய் முறையில் சிகிச்சை செய்துகொண்டவள் நான். முதல் பீட்டா 186, அடுத்தது 430, அதற்கடுத்தது 1,020. ஒவ்வொரு முறையும் இரட்டிப்புக்கு மேல். செவிலியர்களே கைகொடுத்து வாழ்த்தினார்கள். எட்டாவது வாரம் ஸ்கேனில் துடிப்பு இல்லை. திசுவைப் பரிசோதித்தபோது 16ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருந்தது தெரிந்தது. பெரும்பாலும் கருவுறும் முன்பே, முட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடும் பிழை அது.

எண் அவ்வளவு அழகாக ஏறியதே, எப்படி என்று பல இரவு யோசித்தேன். பிறகுதான் புரிந்தது. எச்.சி.ஜி.யைச் சுரப்பது கரு அன்று. கருவைச் சூழ்ந்து, பின்னாளில் நஞ்சுக்கொடியாக மாறப்போகும் செல்கள்தாம் சுரக்கின்றன. அவை செழித்து வளர்ந்தால் எண் ஏறும். உள்ளே இருக்கும் கருவின் நிலை வேறாக இருக்கலாம். அதனால் எண் ஏறியதும் கொண்டாடவும் வேண்டாம், ஏறவில்லையே என்று இடிந்துபோகவும் வேண்டாம்.


ஆய்வகச்சாளரம் | மார்ச் 5, காலை 6.30

இருபது ஆண்டுகளாக ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சதவீதக் கணக்குக்கு முன்னால் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். இரண்டு இரத்த மாதிரிகளும் ஒரே ஆய்வகத்தில் கொடுத்தவையா? எந்த நேரத்தில் எடுத்தார்கள்? 2ஆம் தேதி காலை எட்டு மணிக்கும் 4ஆம் தேதி மாலை ஆறு மணிக்கும் எடுத்திருந்தால் இடைவெளி 58 மணி நேரம். அப்போது 53 சதவீதம் என்பதை 48 மணி நேர உயர்வாகக் கொள்ள முடியாது. உண்மையான உயர்வு அதைவிடக் குறைவு.

ஒரு நிறுவனத்தின் கருவிக்கும் இன்னொன்றின் கருவிக்கும், எச்.சி.ஜி.யைப் பிடித்து அளக்கும் எதிர்ப்பொருள் வேறு. ஒரே இரத்தத்தை இரண்டிலும் ஓட்டினால் இரண்டு விடை வரும். முதல் அறிக்கையை ஓர் இடத்திலும் இரண்டாவதை வேறிடத்திலும் வாங்கிக்கொண்டு வந்து, வளரவில்லை என்று கண் கலங்கியவர்களை நேரில் பார்த்திருக்கிறேன்.

முடி உதிர்வுக்கு பயோட்டின் மாத்திரை போடுகிறீர்களா? சில கருவிகளில் அது எச்.சி.ஜி.யைக் குறைத்தும் புரோஜெஸ்ட்டிரோனைக் கூட்டியும் காட்டிவிடும். இரத்தம் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.


தென்றல்_சிங்கை | மார்ச் 5, காலை 8.05

சிங்கப்பூரில் இருக்கிறேன். ஏழாவது வாரத்தில் இரத்தம் பட்டபோது எனக்கும் புரோஜெஸ்ட்டிரோன் பார்த்தார்கள். 41 வந்தது. இங்கே கே.கே. மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனையில் செய்த ஆய்வுகளில், 6 முதல் 10 வாரத்துக்குள் இரத்தக்கசிவோடு வரும் பெண்களுக்கு 35ஐ எல்லையாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் கரு கலையும் வாய்ப்பு அதிகம் என்று கணிக்கிறார்கள். எனக்கு அந்த எல்லைக்கு மேலே இருந்தது, குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தான்.

கார்காலம், உங்கள் 9.8ஐப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு பதறியது. பிறகுதான் அலகு நினைவுக்கு வந்தது. இங்கே லிட்டருக்கு நானோமோல். இந்தியாவில் மில்லிலிட்டருக்கு நானோகிராம். 3.18ஆல் பெருக்கினால் உங்களுக்குச் சுமார் 31. எல்லைக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது, ஆனால் 9.8க்கும் 35க்கும் இடையே தெரிந்த அந்தப் பள்ளம் உண்மையில் இல்லை.


முல்லைநிலம் | மார்ச் 5, காலை 9.20

புரோஜெஸ்ட்டிரோன் குறைவு என்று தெரிந்த பிறகும் ஏன் காத்திருக்கிறீர்கள்? என் அக்காவுக்கு இதே நிலைதான். வாரம் இரண்டு ஊசி போட்டார்கள், மூன்று மாதம் படுக்கையில் இருந்தார். இன்று அவர் மகன் கல்லூரிக்குப் போகிறான். ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை போதாது.


வெண்தாமரை (மகப்பேறு மருத்துவர்) | மார்ச் 5, பிற்பகல் 2.30

வெளிநோயாளிகள் நேரம் முடிந்து இப்போதுதான் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கார்காலம், இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். நாளை, அதாவது இரண்டாவது பரிசோதனையிலிருந்து 48 மணி நேரத்தில், அதே ஆய்வகத்தில் மூன்றாவது பீட்டா கொடுங்கள். அன்றே யோனிவழி ஸ்கேனும் பார்க்கச் சொல்லுங்கள். அடிவயிற்றில் ஒருபக்க வலி, தோள்பட்டை நுனியில் வலி, மயக்கம், கண் இருட்டல், இவற்றில் எது வந்தாலும், இரவோ பகலோ, உடனே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இந்தக் கர்ப்பம் கருப்பைக்குள் இருக்கிறது என்று இதுவரை யாரும் பார்த்து உறுதி செய்யவில்லை. அது மனதில் இருக்கட்டும்.

இப்போது 49 சதவீதம் பற்றி. 1981இல் அமெரிக்காவில் வெறும் இருபது பெண்களிடம் செய்த ஆய்வு, 48 மணி நேரத்தில் குறைந்தது 66 சதவீதம் உயர வேண்டும் என்றது. "இரட்டிக்க வேண்டும்" என்ற பேச்சு இத்தனை ஆண்டு நிலைத்ததற்கு அந்தக் காலத்து ஆய்வுகள்தாம் காரணம். 2004இல் 287 பெண்களிடம் பார்த்தபோது, நல்லபடியாக வளர்ந்த கர்ப்பங்களிலும் மிக மெதுவானவை 53 சதவீதம்தான் உயர்ந்தன. 2016இல் ஆயிரம் பேருக்கு மேல் வைத்துப் பார்த்தபோது, தொடக்க அளவைப் பொறுத்து எல்லை மாறும் என்பது தெரிந்தது: 1,500க்குக் கீழே தொடங்கினால் 49 சதவீதம், 1,500 முதல் 3,000 வரை 40, அதற்கு மேல் 33. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பு 2018இல் இதையே ஏற்றுக்கொண்டது. நெல்லிமரம் அவர்களே, உங்கள் 39 சதவீதம் 4,100இல் தொடங்கியது. அந்த உயரத்தில் அது இயல்பான வேகம்தான். கார்காலத்தின் 412ஓடு அதை ஒப்பிட முடியாது.

பலரும் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. அந்த 49 சதவீதத்தைத் தேர்வில் எடுக்கும் 35 மதிப்பெண்ணைப் போலக் கொள்ளக் கூடாது. நல்ல கர்ப்பங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கும் என்பது மட்டுமே அதன் பொருள். கோட்டுக்கு மேலே இருப்பவை எல்லாம் நல்ல கர்ப்பங்கள் என்று அதைத் திருப்பிப் படிக்க முடியாது. கருக்குழாயில் ஒட்டிய கர்ப்பமும் சிலருக்கு 53 சதவீதம் உயரும், சிலருக்கு இரட்டிக்கக்கூடச் செய்யும். பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இதைக் கவனமாகக் கையாள்கிறது. 63 சதவீதத்துக்கு மேல் உயர்ந்தால் கருப்பைக்குள் வளர்வதாக இருக்க வாய்ப்பு அதிகம். பாதிக்கு மேல் இறங்கினால் தொடர வாய்ப்பில்லை. இடைப்பட்டவர்களை 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் பார்க்க வேண்டும். 53 இந்த இடைப்பட்ட பகுதியில்தான் வருகிறது.

புரோஜெஸ்ட்டிரோன். கரு உண்டான முதல் ஏழு, எட்டு வாரம் அதைச் சுரப்பது முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியம். அதற்கு "சுரந்துகொண்டே இரு" என்று கட்டளையிடுவது எச்.சி.ஜி. கரு சரியாக ஒட்டாமலோ வளராமலோ போனால் எச்.சி.ஜி. தளரும், அதன் பின்னாலேயே புரோஜெஸ்ட்டிரோனும் தளரும். ஆகவே பெரும்பாலானவர்களுக்குப் புரோஜெஸ்ட்டிரோன் குறைவது கர்ப்பம் தளர்வதன் விளைவு. அதுவே காரணமாக இருப்பது அரிது. 2012இல் 26 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வலியோ கசிவோ இருந்து, ஸ்கேனிலும் தெளிவு கிடைக்காத பெண்களுக்கு, புரோஜெஸ்ட்டிரோன் 3.2 முதல் 6 நானோகிராம் எல்லைக்கும் கீழே இருந்தால் அந்தக் கர்ப்பம் தொடராது என்பது ஏறக்குறைய உறுதி என்று தெரிந்தது. உங்கள் 9.8 அந்த அளவுக்குத் தாழவில்லை. அதை வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கர்ப்பம் எங்கே இருக்கிறது என்பதையும் அது காட்டாது. சிங்கப்பூர் எல்லை ஆறாவது வாரத்துக்குப் பிந்தையது, உங்களுக்கு ஐந்தே வாரம்.

பப்பாளிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கட்டிலில் கிடப்பதால் கரு தங்கும் என்பதற்கும் சான்று இல்லை. எழுந்து நடக்கலாம்.


முல்லைநிலம் | மார்ச் 5, மாலை 5.10

மருத்துவர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் என் அக்காவின் மகன் கண் முன்னால் நிற்கிறான். புரோஜெஸ்ட்டிரோன் குறைவது வெறும் விளைவுதான், ஊசியால் பயனில்லை என்றால் அவன் எப்படிப் பிறந்தான்?


வெண்தாமரை (மகப்பேறு மருத்துவர்) | மார்ச் 5, இரவு 9.00

உங்கள் கேள்வி நியாயமானது. ஊசி போடாமலிருந்தாலும் அவன் பிறந்திருப்பானா என்பதை ஒரே ஒரு பெண்ணின் கதையிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதற்காகத்தான் பிரிட்டனில் 48 மருத்துவமனைகளில், ஆரம்ப மாதங்களில் இரத்தம் பட்ட 4,153 பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். பிரிசம் என்று பெயர். முடிவு 2019இல் வெளிவந்தது. புரோஜெஸ்ட்டிரோன் வைத்தவர்களில் 75 சதவீதத்தினருக்கும், வெற்று மருந்து வைத்தவர்களில் 72 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. தற்செயலாகவும் வந்திருக்கக்கூடிய வேறுபாடு அது. ஆனால் முன்பே மூன்று முறையோ அதற்கு மேலோ கரு கலைந்தவர்களிடம் 57 சதவீதம் 72 ஆக உயர்ந்தது. அதனால்தான் முன்பு கரு கலைந்து, இப்போது இரத்தமும் படுபவர்களுக்குக் கொடுக்கலாம் என்று நைஸ் 2021இல் பரிந்துரைத்தது.

உங்கள் அக்காவுக்கு அது உதவியிருக்கலாம். உதவவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சோதனையில் சேர்க்கப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் கருப்பைக்குள், கருவைச் சூழ்ந்த நீர்க்கூடு ஸ்கேனில் தெரிந்திருந்தது. கர்ப்பம் இருக்கும் இடமே தெரியாதபோது ஊசி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் எனக்குக் கவலை தருகிறது.

இன்னொன்று. கார்காலத்துக்குக் கொடுத்திருப்பது டைட்ரோஜெஸ்ட்டிரோன் என்ற செயற்கை ஹார்மோன் மாத்திரை என்றால், அதை எவ்வளவு விழுங்கினாலும் இரத்தப் பரிசோதனையில் புரோஜெஸ்ட்டிரோன் ஏறாது. அது வேறு மூலக்கூறு, கருவி அதை அளப்பதில்லை. மாத்திரை போட்டும் எண் ஏறவில்லையே என்று மனம் உடைய வேண்டாம்.


வைகறை | மார்ச் 5, இரவு 9.35

இதை யாராவது எனக்கு அன்று சொல்லியிருந்தால்! உறைய வைத்த கருவைத்தான் எனக்கு வைத்தார்கள். அந்தச் சுற்றில் முட்டையே வெளியேறாததால் கார்பஸ் லூட்டியம் கிடையாது, முழுவதும் யோனிவழி மருந்துதான். அது கருப்பைக்கு நேராகப் போய்ச் சேர்வதால் இரத்தத்தில் குறைவாகவே காட்டும். அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து நான் தூங்காத இரவுகளுக்குக் கணக்கில்லை.


கார்காலம் | மார்ச் 6, இரவு 8.20

அதே ஆய்வகம், அதே காலை ஏழரை மணி, பயோட்டின் எதுவும் இல்லை. இன்று 882. சேலத்தில் வேறு மருத்துவரிடம் போனோம். யோனிவழி ஸ்கேனில் கருப்பை காலியாக இருக்கிறது. வேறெங்கும் எதுவும் தெரியவில்லை. "இடம் தெரியாத கர்ப்பம்" என்று எழுதிக் கொடுத்து, நாளை மறுநாள் கட்டாயம் வர வேண்டும் என்றார். எனக்கு விரல்கள் நடுங்குகின்றன.


நெல்லிமரம் | மார்ச் 6, இரவு 8.45

முட்டை தாமதமாக வந்திருந்தால் ஐந்தாவது வாரத்தில் ஒன்றும் தெரியாது அல்லவா? நம்பிக்கையை விட்டுவிடாதீர்கள்.


வெண்தாமரை (மகப்பேறு மருத்துவர்) | மார்ச் 6, இரவு 10.10

882இல் கருப்பை காலியாகத் தெரிவது மட்டும் எதையும் முடிவு செய்யாது. அது சரிதான். எச்.சி.ஜி. 3,500ஐத் தாண்டிய பிறகும் காலியாக இருந்தால்தான் கருப்பைக்குள் இயல்பாக வளரும் கர்ப்பம் இல்லை என்று துணிந்து சொல்லலாம். ஆனால் நேற்று முன்தினத்திலிருந்து உயர்வு 40 சதவீதம். வேகம் தளர்ந்துவிட்டது. கலைந்துகொண்டிருக்கும் கர்ப்பமாக இருக்கலாம், குழாயில் இருப்பதாகவும் இருக்கலாம். உங்கள் புதிய மருத்துவர் சரியான வழியில் போகிறார். நாமக்கல்லிலிருந்து சேலம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இந்த இரண்டு நாளும் சேலத்தில் உறவினர் வீடு ஏதும் இருந்தால் அங்கே தங்குங்கள். தனியாக இருக்க வேண்டாம்.


கார்காலம் | மார்ச் 8, இரவு 11.30

கார்காலத்தின் கணவன் எழுதுகிறேன். அவர் தூங்குகிறார். நீங்கள் சொன்னபடி சேலத்தில் என் சித்தி வீட்டில் தங்கியிருந்தோம். இன்று காலை இடப்பக்கம் லேசாக இழுத்துப் பிடித்தது. பீட்டா 1,190. ஸ்கேனில் இடது சினைப்பையை ஒட்டி 18 மில்லிமீட்டர் அளவில் ஒரு கட்டி தெரிந்தது. துடிப்பு இல்லை, வெடிக்கவில்லை, வயிற்றுக்குள் இரத்தமும் இல்லை. குழாய்க் கர்ப்பம் என்றார்கள். அறுவை சிகிச்சை வேண்டாம், கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசி போதும் என்று இன்று மாலை போட்டார்கள். இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்றதைக் கேட்டு வீட்டிலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை. எல்லாருக்கும் நன்றி.


வெண்தாமரை (மகப்பேறு மருத்துவர்) | மார்ச் 9, காலை 6.15

சரியான நேரத்தில் பிடித்துவிட்டார்கள். எச்.சி.ஜி. 1,500க்குள், அளவு 35 மில்லிமீட்டருக்குள், துடிப்பு இல்லை, பெரிய வலி இல்லை. இந்த ஊசிக்கு ஏற்ற நிலை இதுதான்.

தம்பி, ஒன்றை நீங்கள் இப்போதே தெரிந்துகொள்ள வேண்டும். ஊசி போட்ட நாளை முதல் நாளாகக் கொண்டு நான்காம் நாளும் ஏழாம் நாளும் பீட்டா பார்ப்பார்கள். நான்காம் நாள் எண் ஏறியிருக்கலாம். ஊசி வேலை செய்யவில்லை என்று பயந்துவிடாதீர்கள். நான்குக்கும் ஏழுக்கும் இடையே 15 சதவீதம் இறங்கினால் மருந்து கேட்கிறது என்று பொருள். ஃபோலிக் அமில மாத்திரையை இப்போதைக்கு நிறுத்துங்கள், இந்த மருந்துக்கு அது எதிர். இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் வேண்டாம். வயிற்றில் வலி கூடினால் "மருந்தின் விளைவாக இருக்கும்" என்று நீங்களாக முடிவு செய்யாமல் அழைத்துக்கொண்டு போங்கள். எண் இறங்கும்போதும் குழாய் வெடிப்பது உண்டு.


நெல்லிமரம் | மார்ச் 9, காலை 7.40

கார்காலம், என்னை மன்னித்துவிடுங்கள். 49 போதும் என்று நான்தான் எழுதினேன். என் மகளின் கதை உங்களுக்குத் தெம்பு தரும் என்று நினைத்தேன். அதை நம்பி நீங்கள் வீட்டில் இருந்திருந்தால்? நேற்றிரவு இதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.


கார்காலம் | மார்ச் 14, மாலை 6.00

நெல்லிமரம் அக்கா, அன்று இரவு நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்தது. மன்னிப்பு என்ற சொல்லே வேண்டாம்.

நான்காம் நாள் 1,320. மருத்துவர் முன்பே எழுதியிருந்ததால் அழாமல் இருந்தேன். இன்று ஏழாம் நாள் 1,050. இருபது சதவீதத்துக்கு மேல் இறங்கியிருக்கிறது. பத்து நாள் முன்பு இந்த எண் ஏற வேண்டும் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்றேன். இன்று இறங்கியதற்காக என் கணவர் ஆய்வக வாசலிலேயே கண் கலங்கினார். வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.


ஆய்வகச்சாளரம் | மார்ச் 14, இரவு 7.10

கடைசி வரை அதே ஆய்வகத்திலேயே கொடுங்கள். 5க்குக் கீழே வரும் வரை நிறுத்தாதீர்கள். பாதியில், "குறைந்துவிட்டதே" என்று வராமல் போகிறவர்கள் பலர்.


கார்காலம் | ஏப்ரல் 18, பிற்பகல் 1.15

610, 240, 71, 14. இன்று 3.

மருத்துவர் அம்மா, ஒரே கேள்வி. ஃபோலிக் அமிலத்தை எப்போது திரும்பத் தொடங்கலாம்? எப்போது மறுபடி முயற்சி செய்யலாம்?


வெண்தாமரை (மகப்பேறு மருத்துவர்) | ஏப்ரல் 18, இரவு 9.25

பீட்டா 5க்குக் கீழே வந்துவிட்டதால் ஃபோலிக் அமிலத்தை இனித் தொடங்கலாம், உங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்டதிலிருந்து மூன்று மாதம் கர்ப்பம் வேண்டாம், ஆகவே ஜூன் 8 வரை தள்ளிப்போடுங்கள். அடுத்த முறை நாள் தள்ளியதும் தாமதிக்காமல் பீட்டா கொடுங்கள், ஆறாவது வாரத்தில் ஸ்கேன் பார்த்துக் கருப்பைக்குள்தான் இருக்கிறது என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள். ஒருமுறை குழாயில் வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதே சமயம் உங்கள் குழாய்கள் இரண்டும் அப்படியே இருக்கின்றன. உங்கள் இரத்தப் பிரிவு என்ன? நெகட்டிவ் என்றால் உங்கள் மருத்துவரிடம் அதையும் கேட்க வேண்டும்.


கார்காலம் | ஏப்ரல் 18, இரவு 9.50

ஓ பாசிட்டிவ். ஜூன் 8ஐச் சமையலறை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்துவிட்டேன். மாமியார் என்னவென்று கேட்டார், சொன்னேன். "அதுவரை நன்றாகச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.